ஒரு லிட்டர் மூச்சு

மாலை நாலு மணி பத்து நிமிஷம்.

எனக்குத் தேதிகள் மனதில் நிற்பதில்லை. இந்தத் தொடரில் நான் எழுதுகிற வருஷங்களை வீட்டில் யாராவது திருத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாலு பத்து மட்டும் அசையாமல் நிற்கிறது. வார்டுக் கதவுக்கு மேலே வட்டக் கடிகாரம். பெரிய முள் இரண்டில், சின்ன முள் நாலைத் தாண்டி ஒரு நூல்.

அந்த நேரத்தில்தான் என் கொழுந்தன் பாண்டி ஆக்சிஜன் சிலிண்டரின் குமிழில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மதினி, லேசாத் திறந்து விடவா?"

நான் கட்டிலைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே, தலையணையை மடியில் வைத்து அதன் மேல் கவிழ்ந்திருந்தார். மூன்று நாளாக அப்படித்தான். படுத்தால் மூச்சு முட்டும். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. நகக்கண்கள் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தன.

பிறகு சிலிண்டரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். என் மகள் மங்கை தன் கையால் எழுதி ஒட்டிவிட்டுப் போன தாள்.

பிறகு தலையை ஆட்டினேன்.

சாத்துக்குடிப் பை

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறுவரை. ஊருக்குத் தெற்கே இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் வீட்டோடுதான்.

நாலு அடித்ததும் முதலில் வந்தவர் திருப்பரங்குன்றத்து நாத்தனார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை, பை நிறையச் சாத்துக்குடி. அவருக்குப் பின்னாலேயே பாண்டி. இவர் என் வீட்டுக்காரருக்கு அடுத்த தம்பி. அவனியாபுரத்தில் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். டிராக்டர் கொழுவிலிருந்து பஸ் சீட்டுவரை ஒட்டுவார். சட்டையில் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் எப்போதும் இருக்கும்.

நாத்தனார் கட்டிலில் கவிழ்ந்திருந்த தம்பியின் முதுகைத் தடவினார். சிலிண்டரைப் பார்த்தார். ஆளுயரச் சிலிண்டர், கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு, ஒன்று என்ற கோட்டில் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது.

"அம்புட்டுப் பெருசு நிக்குது, சொட்டுச் சொட்டா விடுறாக. யாரு வீட்டுச் சொத்துன்னு மிச்சம் பிடிக்கிறாக?"

டாக்டர் சொன்ன அளவு அது என்றேன். மங்கையும் அதையேதான் சொன்னாள் என்றேன். சொல்லும்போதே என் குரலில் பிடிமானம் இல்லை. மூன்று நாள் தூங்காத குரல்.

"நீங்க அவரைப் பாருங்க மதினி. குண்டு தரையிலயே கெடக்கு. பட்டறையில தீ சோந்துபோனா நாங்க என்ன செய்வோம்? ஆக்சிஜனைத்தான் கூட்டுவோம். இதே சிலிண்டர், இதே சாவி. நான் இருவது வருசமா இதோட மல்லுக்கட்டுறேன்" என்றார் பாண்டி.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் பயங்கரம்.

நான் தலையாட்டியதும் குமிழைத் திருகினார். பக்கத்திலிருந்த தண்ணீர்ப் புட்டியில், அதுவரை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த குமிழிகள் சோறு கொதிக்கிற மாதிரி பொங்கின. அந்தச் சத்தம் எங்கள் மூன்று பேருக்குமே தெம்பாக இருந்தது. நாத்தனார் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடுவதற்குக் கை காலியாக வேண்டியிருந்ததால், மஞ்சள் பையைச் சிலிண்டரின் கழுத்தில் மாட்டினார்.

கண்ணாடிக் குழாயும் குண்டும் மங்கையின் தாளும் பைக்குப் பின்னால் போயின.

திங்கட்கிழமை மூச்சு

என் வீட்டுக்காரருக்கு இந்த நெஞ்சு வந்த கதையைச் சொல்லாமல் போனால் என் பயம் உங்களுக்குப் புரியாது.

கல்யாணமான புதிதில் அவர் பஞ்சாலையில் பேல் உடைக்கிற பகுதியில் இருந்தார். கட்டுப் பஞ்சைப் பிரித்து மிஷினில் போடுகிற இடம். வீட்டுக்கு வரும்போது புருவமும் காதோர முடியும் வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் மங்கை அவரைத் "தாத்தா" என்று கூப்பிட்டுச் சிரிப்பாள். அவரும் கூனிக்கொண்டு கம்பு ஊன்றி நடந்து காட்டுவார்.

முதலில் திங்கட்கிழமைகளில் மட்டும் மூச்சு இறுகியது. ஞாயிறு லீவு முடிந்து திங்கள் உள்ளே போனால் நெஞ்சை யாரோ கயிறு போட்டுக் கட்டுகிற மாதிரி இருக்கும் என்பார். செவ்வாயன்று சரியாகிவிடும். அந்தப் பகுதியில் எல்லோருக்குமே அப்படித்தான். அதற்குத் "திங்கட்கிழமை மூச்சு" என்று பெயரே வைத்திருந்தார்கள். பெயர் வைத்துவிட்டால் பயம் போய்விடுமே.

சில வருஷத்தில் திங்கள் செவ்வாய்க்கு வந்தது. பிறகு புதனுக்கு. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போனது. பீடியும் கூடச் சேர்ந்துகொண்டது. அதை நிறுத்துவதற்குள் நாற்பத்தெட்டு வயது.

"என் நெஞ்சைக் கிழிச்சா ரெண்டு மெத்தை தச்சுரலாம் சரசு" என்பார். நான் சிரித்ததே இல்லை.

நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். பழங்காநத்தத்தில் எங்கள் வீடு இரண்டே அறை. அடுத்த அறையில் அவர் விடுகிற மூச்சை எண்ணிக்கொண்டுதான் பல வருஷம் தூங்கினேன். எண்ணிக்கை தவறினால் எழுந்து போய்ப் பார்ப்பேன். பகலில் ஆபீஸில் மிஷின் அடிக்கும்போதுகூட, வரி முடிந்து மணி அடிக்கிற இடைவெளியில் அவர் மூச்சின் விசில் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும்.

மூச்சு விட ஒரு படிப்பா?

முதல் தடவை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மங்கை கல்லூரியில் இரண்டாம் வருஷம். அப்பாவின் மூக்கில் குழாய் வைத்ததை அவள் கட்டிலருகே நின்று பார்த்தாள். குழாயை வைத்தவர் போன பிறகும் அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதை யாரும்மா தீர்மானிக்கிறாங்க? ஒண்ணா, ரெண்டா, அஞ்சான்னு?" என்று கேட்டாள். 

பி.எஸ்ஸி. முடித்ததும், இதற்கென்றே சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி தருகிறார்கள் என்று தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷம். முடிவில் எழுத்துத் தேர்வு, நோயாளி பக்கத்திலேயே நிற்க வைத்துச் செய்முறைத் தேர்வு, அப்புறம் வாய்மொழித் தேர்வு. மூன்றிலும் தேறினால் சுவாச சிகிச்சையாளர் என்று சான்றிதழ். விண்ணப்பத்தை நான்தான் டைப் அடித்தேன். அடித்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலே அடித்தேன்.

தெருவில் பதில் சொல்லி மாளவில்லை. நர்ஸுக்கா? இல்லை. டாக்டருக்கா? இல்லை. அப்படியானால் கம்பவுண்டரா என்றார்கள். மூச்சுக்கு என்றேன். எதிர்வீட்டு அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மூச்சு விட ஒரு படிப்பா? நாங்கள்லாம் படிக்காமத்தானே விட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாள். பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம், சிலிண்டர் தள்ளுகிற வேலை என்று யாரோ சொன்னதைக் கேட்டு வராமலே நின்றுவிட்டது.

எனக்கும் உள்ளூர ஒரு பயம். பிள்ளை உயிரோடு விளையாடுகிற வேலைக்குப் போகிறாளே என்று. ஒரு எழுத்துத் தப்பாக அடித்தால் நான் அழிப்பான் வைத்து அழித்துவிடுவேன். இவள் எதை வைத்து அழிப்பாள்?

சிலிண்டரில் ஒட்டிய தாள்

கடைசித் தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது அவருக்கு மூச்சுத் திணறல் முற்றிவிட்டது. மங்கை சென்னையிலிருந்து ஓடி வந்தாள். இரண்டு நாள் அப்பாவோடேயே இருந்தாள். டாக்டரே அவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். எனக்கு அது பெருமையாக இருக்கவில்லை. டாக்டர் இவளிடம் கேட்கிறார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்றுதான் பட்டது.

கிளம்புகிற அன்று என்னை உட்கார வைத்துச் சொன்னாள். குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. தண்ணீர்ப் புட்டி காலியாகக் கூடாது, வறண்ட காற்று மூக்கைப் புண்ணாக்கும். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, சூடம் எதுவும் கூடாது. எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது, தீப்பிடிக்கும். எல்லாம் புரிந்தது. கடைசியாகச் சொன்னதுதான் புரியவில்லை.

ஒரு லிட்டருக்கு மேல் கூட்டக் கூடாதாம். மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனுக்குக் காற்றைக் கூட்டக் கூடாது என்றால் எந்தத் தாய்க்கு, எந்தப் பெண்டாட்டிக்குப் புரியும்?

"அம்மா, நமக்கெல்லாம் கரியமில வாயு கூடினா மூளை மூச்சு விடச் சொல்லும். அப்பாவுக்கு அது வருசக்கணக்கா உள்ளயே தங்கித் தங்கிப் பழகிப்போச்சு. இப்ப பிராணவாயு குறைச்சலா இருக்குங்கிறதை வச்சுத்தான் அவர் மூளை மூச்சு விடச் சொல்லுது. நாம அதை நெறைய ஊத்தினா, போதும்னு மூளை அசந்துரும். மூச்சு மெதுவாயிரும். கெட்ட காத்து வெளிய போகாது. பாக்க நல்லாத் தூங்குற மாதிரிதான் இருக்கும்மா."

அந்தக் கடைசி வரியை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்ற பதற்றம்.

அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தாள் ஒன்றைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்திரி போட்டுச் சிலிண்டரில் ஒட்டினாள். "ஒரு லிட்டர். கூட்டக் கூடாது. குறைக்கலாம், அடைக்கக் கூடாது. தூங்கினால் எழுப்பிப் பேச வைக்கவும்."

அன்று காலைதான் சிலிண்டர் வாயில் புஸ்ஸென்று காற்று கசிந்தது. பாண்டி வந்து சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைக் கண்டுபிடித்து, வாஷரை மாற்றி, அரை நிமிஷத்தில் நிறுத்தினார். வார்டு ஆள் தலையில் தடவிய எண்ணெய்க் கையோடு சாவியைத் தொட வந்தபோது, தட்டிவிட்டு அவனுக்கு ஒரு பாடமே நடத்தினார். மங்கைக்கு மனம் நிறைந்துவிட்டது.

"சித்தப்பா இருக்கும்போது சிலிண்டரைப் பத்திப் பயமில்லைம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் தேர்வுக்குப் பஸ் ஏறினாள். தேர்வு முடிந்த மறுநாள் சாயங்காலம் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

சிலிண்டரைப் பற்றித்தான் அவள் சொன்னாள். நான் மனுஷனைப் பற்றியும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். பாண்டியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

நல்ல தூக்கம்

நாலு இருபதுக்கு என் வீட்டுக்காரரின் தோள் இறங்கியது. நாலரைக்குத் தலையணையிலிருந்து முகத்தை எடுத்தார். நாங்கள் மூவரும் சேர்ந்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தோம். நகக்கண்ணில் நீலம் போய்ச் சிவப்பு ஏறியிருந்தது. உதடு வெற்றிலை போட்ட மாதிரி இருந்தது. முகத்தில் இத்தனை ரத்தத்தை நான் பார்த்து ஐந்தாறு வருஷம் இருக்கும்.

"பாத்தீங்களா" என்றார் பாண்டி. பெருமையாகக்கூட இல்லை. கண் கலங்கியிருந்தது. அண்ணன்மேல் அவருக்கு அவ்வளவு உயிர்.

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். "மாப்ள" என்று தொடங்கியது போலக் கேட்டது. தம்பியை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. மில்லில் கூட்டாளிகளைக் கூப்பிடுவது. தூக்கக் கலக்கம் என்று நாங்கள் சிரித்தோம். நாங்கள் சிரித்தோம் என்று எழுதும்போது இப்போதும் விரல் நிற்கிறது.

பிறகு தூங்கிவிட்டார். விசில் சத்தம் இல்லாத தூக்கம்.

வார்டில் மற்றவர்களைப் பார்க்க வந்தவர்கள் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மூன்று நாளைக்குப் பிறகு இப்போதுதான் கண் மூடியிருக்கிறார் என்றேன். சிஸ்டர் மாத்திரைத் தட்டோடு வந்தார். கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றதாலும் பை தொங்கியதாலும் அவருக்குக் கண்ணாடிக் குழாய் தெரியவில்லை. தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம், மாத்திரையை அப்புறம் தருகிறேன் என்றார். நான் நன்றி சொன்னேன்.

நாத்தனார் ஒரு சாத்துக்குடியை உரித்து என் கையில் வைத்தார். நீ தின்னு, மூணு நாளா முகம் செத்துப் போச்சு என்றார். வராந்தாவுக்குப் போய் நின்று தின்றேன். வெயில் தாழ்ந்திருந்தது. விமானம் ஒன்று தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுளையாக, விதையைத் துப்பித் துப்பி, நிதானமாகத் தின்றேன். அவ்வளவு ருசியான பழத்தை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை. இப்போது சாத்துக்குடி வாசனையே ஆவதில்லை.

பையைத் தூக்கியபோது

திரும்பி வந்து அவர் கையைப் பிடித்தேன். கை சூடாக இருந்தது. பல வருஷமாகச் சில்லிட்டே இருந்த கை அது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. நாடி என் விரலை முட்டி முட்டித் தள்ளியது.

மார்பைப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை, எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. அடுத்ததற்குக் காத்திருந்தேன். காத்திருந்தேன். இரண்டு.

கடிகாரம் அஞ்சரையைக் காட்டியது.

"பாக்க நல்லாத் தூங்குற மாதிரிதான் இருக்கும்மா." மங்கையின் குரல் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

"என்னங்க" என்றேன். தோளை உலுக்கினேன். கன்னத்தைத் தட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. அன்று சொன்னேன், காதுக்குள். இமைகூட அசையவில்லை.

மஞ்சள் பையைப் பிடித்து இழுத்தேன். சாத்துக்குடிகள் கட்டிலுக்கடியில் உருண்டன. குண்டு ஆறாம் கோட்டுக்கு மேலே துள்ளிக்கொண்டிருந்தது. லேசாகத் திறக்கச் சொல்லித்தானே தலையாட்டினேன். ஒன்று இரண்டாகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் பார்க்கவில்லையே. பார்க்க நான் விரும்பவில்லை.

பாண்டியின் முகம் பட்டறைச் சாம்பல் மாதிரி ஆனது. "மூடிர்றேன் மதினி" என்று பாய்ந்து வந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியாது.

"அடைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு தம்பி. குறைக்கணும்."

திடீரென்று அடைத்தால் தொடங்கின இடத்துக்கும் கீழே போய்விடுவார் என்று பிற்பாடு மங்கை விளக்கினாள். அப்போது எனக்குக் காரணம் தெரியாது. தாளில் இருந்தது, அவ்வளவுதான். டைப்பிஸ்டுக்கு எழுதியிருப்பதுதான் வேதம். அந்த வேதத்தைத்தான் நாலு பத்துக்கு நான் மீறியிருந்தேன். குமிழை நானே பிடித்து, குண்டு ஒன்றில் வந்து நிற்கும்வரை மெல்லத் திருகினேன். நாத்தனார் அதற்குள் சிஸ்டரைக் கூப்பிட ஓடிவிட்டார்.

சிஸ்டர் ஒரு கறுப்பு ரப்பர் பையோடு வந்தார். அதன் முனையிலிருந்த மூடியால் மூக்கையும் வாயையும் பொத்தி, பையை அமுக்கினால் காற்று உள்ளே போகும். என் வீட்டுக்காரரின் கன்னம் ஒட்டிப் போயிருந்ததால் பாதிக் காற்று ஓரத்தில் புஸ்புஸ்ஸென்று போய்விட்டது. டாக்டர் எதிர்க் கட்டடத்திலிருந்து வந்து சேர்ந்தபோது மணி ஆறாகப் பத்து நிமிஷம். ஊசி போட்டார். கண்ணை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். மூச்சு விட வைக்கிற மிஷின் இங்கே கிடையாது, கையால்தான் ஓட்ட வேண்டும், தேறாவிட்டால் இந்த நிலையில் வேறு எங்கும் கொண்டு போகவும் முடியாது என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

என் வாய் தானாகச் சொன்னது. "இப்பத்தான் சார். கொஞ்ச நேரம்தான்."

பாண்டி என்னைப் பார்த்தார். நாத்தனார் தரையைப் பார்த்தார். மூவரும் அந்தப் பொய்க்குள் நின்றோம். டாக்டர், அப்படியென்றால் சீக்கிரம் முழித்துவிடுவார் என்று சிஸ்டரிடம் சொன்னார். அரை மணி நேரம் போயிற்று. முக்கால் மணி போயிற்று. அவர் முழிக்கவில்லை. ஏன் இன்னும் முழிக்கவில்லை என்று டாக்டர் முனகிக்கொண்டு தலையில் அடி ஏதும் பட்டதா, வேறு மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்க ஆரம்பித்தார். என் பொய் அவரை வேறு பாதையில் இழுத்துக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. டாக்டருக்குப் பயந்தல்ல. இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்போகிறவளுக்குப் பயந்து.

வாசலில்

அவர் பிழைத்தார். அதைச் சொல்லாமல் உங்களை இழுத்தடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயம் என்னவென்று எனக்குத் தெரியும்.

மங்கை வந்து, இரண்டு கையாலும் அவர் தாடையைத் தூக்கிப் பிடித்து, மூடியை முகத்தோடு அழுத்திக்கொண்டாள். பையை என்னை அமுக்கச் சொன்னாள். அவள் எண்ணினாள், நான் அமுக்கினேன். "டைப் அடிக்கிற வேகம் வேண்டாம்மா. உள்ள போறதுக்கு ஒரு நேரம், வெளிய வர்றதுக்கு ரெண்டு நேரம். அவருக்கு வெளிய வர்றதுதான் கஷ்டம்." ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. என் வலது கை மரத்துப்போய் இடது கைக்கு மாறி, மறுபடி வலது கைக்கு வந்தபோது அவர் புருவம் சுளித்தது. அப்புறம் மூடியைத் தள்ளிவிடக் கை வந்தது. அப்புறம் கண். மகளைப் பார்த்து, பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவள் சான்றிதழ் பதிவுத் தபாலில் வந்தது. நகல்களை நான்தான் டைப் அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக, மிக மெதுவாக. அவளுக்கு வேலை கொடுத்த ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரில் ஒரு பதவியே இல்லாமல், வருகைப் பதிவேட்டில் புதிதாக ஒரு வரி போட்டார்கள்.

பாண்டி அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிச் சிலிண்டர் எதையும் தொட்டதில்லை. நான் பகலில் தூங்குகிறவர்களைத் தூங்க விட்டதில்லை. பேரப்பிள்ளையைக்கூட எழுப்பி, அவன் அழுத பிறகுதான் நகர்வேன். வீட்டில் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

ஆனால் நான் நிறுத்த நினைத்த இடம் இது எதுவும் இல்லை. ஒன்றை வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தேன்.

மணி ஆறு நாற்பது. பார்வையாளர்கள் போய்விட்டதால் வார்டு அமைதியாக இருந்தது. வாசலில் மங்கை நின்றாள். தோளில் ரெக்சின் பை, தலையெல்லாம் பஸ் புழுதி. அவள் கண் முதலில் அப்பாவிடம் போனது. பிறகு குண்டுக்கு. பிறகு தாளுக்கு. பிறகு தரையில் உருண்டு கிடந்த சாத்துக்குடிகளுக்கு. எல்லாவற்றையும் அவள் படித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

பாண்டி இரண்டு அடி முன்னால் வந்தார். "ஆத்தா, நான்தான்..."

அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். குரல் உயரவில்லை. எனக்குப் பிறந்த பிள்ளையின் குரலாகவும் அது இல்லை.

"யாருன்னு கேக்கலை சித்தப்பா. எத்தனை மணிக்குத் திறந்தீங்க? எத்தனை மணிக்குக் குறைச்சீங்க?"

பாண்டி என்னைப் பார்த்தார். டாக்டர் பக்கத்தில்தான் நின்றார்.

"நாலு பத்துக்குத் திறந்தது. ஆறு லிட்டர். நான்தான் தலையாட்டினேன். அஞ்சரைக்குத்தான் குறைச்சேன்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மங்கை பார்க்கவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்தாள். கையைக் கழுவினாள்.

"சரி. அப்ப முழிக்க நேரமாகும், அவ்வளவுதான். வாங்கம்மா, வந்து பக்கத்துல நில்லுங்க" என்றாள்.